நானூறு வீடுகள்

“மிஸ், ஹிட்லர் மாதிரி ஒருத்தர் அஞ்சு வருஷம் வந்தா போதும். எல்லாம் சரியாயிடும்.”

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், திருச்சியில் என் வீட்டு மாடியில் நடக்கும் டியூஷனில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைச் சொன்னான். பேச்சு ஆரம்பித்தது என்னவோ தெருவில் தோண்டி மூடாமல் விட்ட ஒரு பள்ளத்தில். அதில் சைக்கிளை இறக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஒருத்தி வந்திருந்தாள். பள்ளத்திலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து லஞ்சம், லஞ்சத்திலிருந்து ஹிட்லர். பதினைந்து வயதில் பேச்சு இந்த வேகத்தில்தான் போகும். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். மறுக்கிற சிரிப்பு இல்லை, ஆமோதிக்கிற சிரிப்பு. “ஆர்கனைசேஷன் வேற லெவல் மிஸ்” என்றான் இன்னொருத்தன். “நேதாஜிக்கே ஹெல்ப் பண்ணாரு மிஸ்.” நான் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். வரலாறு என் பாடம் இல்லை. “சரி சரி, கணக்கைப் போடுங்க” என்று சொல்லிவிட்டு போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் கெட்ட பையன் இல்லை, அதுதான் என்னைப் படுத்தியது. கரண்ட் போனால் முதலில் எழுந்து எல்லோருக்கும் டார்ச் பிடிக்கிறவன். என் மாமியார் மாடிப்படி இறங்கும்போது சொல்லாமலே கையை நீட்டுகிறவன். அவன் பையில் ஹிட்லரின் சுயசரிதை தமிழில் இருந்தது. நடைபாதைக் கடையில், தன்னம்பிக்கைப் புத்தகங்களுக்கு நடுவில் வாங்கியிருக்கிறான். நம் ஊரில் அது அங்கேதான் கிடைக்கும், ஏதோ வாழ்வில் முன்னேற ஒரு வழிகாட்டி மாதிரி. இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயன் கையில் இருப்பதே மேல் என்று அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்றும், 1942 மே மாதத்தில் போஸ் நேரில் போய்ப் பார்த்தும் இந்திய விடுதலையை ஆதரித்து ஓர் அறிவிப்பைக்கூட வாங்க முடியாமல்தான் திரும்பினார் என்றும் அடுத்த வாரம் தேடிப் படித்து அவனிடம் சொன்னேன். “ஓ” என்றான். தகவல் திருந்தியது, பிரியம் அப்படியே இருந்தது. அவனுக்குப் பிடித்தது அந்த ஆளே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளம் இல்லாத தெருவும், குழப்பம் இல்லாத ஊரும், தனக்கு ஒரு வேலையும்தான் அவனுக்குப் பிடித்திருந்தது. அதைக் கேட்பதில் என்ன தப்பு?

அதற்கப்புறம் நான் படிக்க ஆரம்பித்தது ஹிட்லரைப் பற்றி அல்ல, ஹிட்லரிடம் போய்ச் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி.

சனிக்கிழமை

ஆட்சி எப்படிக் கைக்கு வந்தது என்பது தெரிந்த கதை. 1933 ஜனவரி 30-இல் பதவியேற்பு. பிப்ரவரி 27-இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் தீ. மறுநாளே அடிப்படை உரிமைகள் ரத்து. மார்ச் 23-இல் நாடாளுமன்றமே 444-க்கு 94 என்று ஓட்டுப் போட்டுச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. மொத்தம் 52 நாள். எங்களுக்குக் காலாண்டுத் தேர்வு போர்ஷனை முடிக்கவே அதைவிட அதிக நாள் ஆகும். ஆனால் பெரியவர்களிடம் ஓட்டு வாங்குவதும் பிள்ளைகளிடம் மனசை வாங்குவதும் ஒன்றில்லை. இரண்டாவதை எப்படிச் செய்தார்கள் என்று தேடும்போது என் மனதில் பிரம்பும் மிரட்டலும்தான் இருந்தன. கண்ணில் பட்டது ஒரு லீவு நாள்.

1934-இல் ஜெர்மனியில் ஓர் ஏற்பாடு வந்தது. அங்கே சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு. ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேர்ந்த 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு கிடையாது. அவர்கள் சீருடை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகலாம், காட்டுக்கு நடக்கலாம், பாடலாம், கூடாரம் அடிக்கலாம். சேராதவர்கள் வழக்கம்போல வகுப்பில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். யாரையும் அடிக்கவில்லை, யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே முரசு அடித்துக்கொண்டு வகுப்பில் பாதிப் பேர் ஊர்வலம் போகிறார்கள், நீ உள்ளே யூதப் பிள்ளைகளோடும் பிடிவாதக்கார அப்பாவுக்குப் பிறந்த இன்னும் நாலு பேரோடும் உட்கார்ந்திருக்கிறாய். பத்து வயதில் அந்த ஜன்னலைத் தாங்குவது லேசா? அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை என்று என் மகள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

அந்த அமைப்பில் 1932 முடிவில் இருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம். அடுத்த ஒரே வருஷத்தில் இருபது லட்சத்தைத் தாண்டியது. மற்ற இளைஞர் சங்கங்களை மூடினார்கள், புராட்டஸ்டண்ட் சபையின் பிள்ளைகளை 1933 டிசம்பரில் அப்படியே இழுத்துக்கொண்டார்கள். கூடி விளையாடுவதற்கு வேறு இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள் என்பதும் இந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது. 1936 முடிவில் 54 லட்சம். கட்டாயம் என்று ஆணை வந்தது 1939 மார்ச்சில்தான். அதற்கு முன்பே பெரும்பாலான பிள்ளைகள் தாமாக வந்து நின்றிருந்தார்கள்.

முழு உறுப்பினராக ஒரு தேர்வு வேறு. பத்து வயதுப் பையன் 60 மீட்டரை 12 வினாடிக்குள் ஓட வேண்டும், 2.75 மீட்டர் தாண்ட வேண்டும், பந்தை 25 மீட்டர் எறிய வேண்டும், ஒன்றரை நாள் நடைப்பயணம் போய்வர வேண்டும், ஹிட்லரின் நாஜிக் கட்சிப் பாட்டு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். தேறினால் இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு கத்தி. வீட்டில் அரிவாள்மனைப் பக்கம் போனாலே அதட்டப்படுகிற வயது அது. அந்த வயதில் ஓர் அரசாங்கம் உன்னை நம்பி உன் கையில் கத்தி கொடுக்கிறது.

எனக்குச் சாமர்த்தியம் என்று பட்டது இன்னொன்று. இளைஞர்களை இளைஞர்களே வழிநடத்துவார்கள் என்று ஒரு கோஷம் வைத்திருந்தார்கள். தலைவர் பால்டுர் ஃபான் ஷிராஹுக்கே 1933-இல் 26 வயதுதான். கீழே வந்தால் பதினைந்து வயதுப் பையன் பத்து வயதுப் பையன்களை மேய்ப்பான். நம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வெளியே போகும்போது கிளாஸ் லீடர் சாக்பீஸை எடுத்து ‘பேசியவர்கள்’ என்று போர்டில் தலைப்புப் போடுவானே, அந்த ஒரு நிமிஷத்தில் அவன் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றவன்தான். சாக்பீஸ் கைக்கு வந்ததும் நண்பன் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே எழுதுவான், மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவான். நானும் ஏழாம் வகுப்பில் லீடராக இருந்தவள், அந்த ருசி எனக்குத் தெரியும். அதை ஒரு தேசம் முழுக்க, லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு, தெருவுக்கு ஒரு சாக்பீஸ் என்று பகிர்ந்து கொடுத்தால் என்ன ஆகும்? வாத்தியார் பயப்படுவார், அப்பா பயப்படுவார். எதிர்க்கிறவனிடம் தான் அமைதியாகச் சொல்வது இதுதான் என்று 1933 நவம்பரில் ஹிட்லரே பேசியிருக்கிறார்: உன் பிள்ளை இப்போதே எங்களுடையது, நீ போய்விடுவாய். 1938 டிசம்பரில் ரைஷன்பெர்க் நகரில் இன்னும் விளக்கமாகச் சொன்னார். பத்து வயதில் எடுத்துக்கொள்கிறோம், பதினாலில் அடுத்த அமைப்பு, அப்புறம் கட்சி, உழைப்புச் சேவை, ராணுவம், அதற்குமேல் வாழ்நாள் முழுக்க அவர்களுக்கு விடுதலையே கிடையாது. ஒளித்து மறைத்த திட்டம் ஒன்றுமில்லை, மேடையில் சொன்னதுதான். (‘சொன்னார்’ என்று மரியாதையோடு எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ‘சொன்னான்’ என்று எழுதினால் மேடைப்பேச்சு ஆகிவிடுகிறது. இருக்கட்டும்.)

நல்ல வீட்டுப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். உல்ம் நகரத்து ஷோல் குடும்பத்தைப் பற்றிப் படித்ததும் அந்த நினைப்பு போயிற்று. அப்பா ராபர்ட் ஷோல் ஒரு சின்ன ஊரின் மேயராக இருந்தவர், ஹிட்லரை ஆரம்பத்திலிருந்தே வெறுத்தவர், வீட்டில் வெளிப்படையாகப் பேசியவர். அப்படியும் மகன் ஹான்ஸ் போய்ச் சேர்ந்தான், மகள் சோஃபியும் போனாள். அப்பா சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. அப்பாவிடம் இருந்தது வாதம், அங்கே இருந்தது நண்பர்கள், பாட்டு, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த இரவுகள். ஹான்ஸ் குழுத் தலைவனாகி, நியூரம்பர்க் மாநாட்டில் கொடி பிடிக்கும் அளவுக்கு உயர்ந்தான். அவன் மனம் திரும்பத் தொடங்கியது அப்பாவால் அல்ல. வேற்று நாட்டுப் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று தடுத்தார்கள், ஒரே மாதிரி அணிவகுப்பும் ஒரே மாதிரி பேச்சும் சலித்துப்போயின. எதற்காகப் போனானோ அதே பாட்டுதான் அவனைத் திருப்பியும் கொண்டுவந்தது. பிறகு நடந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். 1943 பிப்ரவரி 18-ஆம் தேதி மியூனிக் பல்கலைக்கழகத்தில் அண்ணனும் தங்கையும் ஹிட்லர் ஆட்சிக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் போட்டார்கள், பிடித்துக்கொடுத்தது அங்கே வேலை பார்த்த ஒரு பணியாளர். நாலாவது நாள், 22-ஆம் தேதி, தலையை வெட்டினார்கள். ஹான்ஸுக்கு 24 வயது, சோஃபிக்கு 21. ராபர்ட் ஷோலை நினைக்கும்போது எனக்கு ஒரு பயம் வரும். சரியாகப் பேசிய அப்பாவாலேயே சொந்தப் பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை என்றால், “கணக்கைப் போடுங்க” என்று திரும்பிக்கொண்ட நான் எந்த மூலைக்கு?

கொடுக்கப்பட்டவை

ஆசிரியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி இயல்பாகவே வந்தது. 1933 ஏப்ரலில் வந்த ஒரு சட்டம் யூத ஆசிரியர்களையும் அரசியல் ரீதியாகப் பிடிக்காதவர்களையும் வேலையை விட்டு அனுப்பியது. மீதிப் பேர் இருந்தார்கள். 1937-க்குள் நூற்றுக்கு 97 ஆசிரியர்கள் கட்சியின் ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினர்கள். இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. இன்க்ரிமென்ட், டிரான்ஸ்பர், பென்ஷன் என்று ஆசிரியர் மனசு எந்த வழியில் ஓடும் என்று தெரியாதவளா நான்? வரலாற்றுப் பாடத்தை மாற்றினார்கள், உயிரியலில் இனத்தை நுழைத்தார்கள் என்பதும் எதிர்பார்த்ததுதான். என் பாடத்தில் கை வைக்க முடியாது என்று ஒரு தெம்பு இருந்தது. இரண்டும் இரண்டும் நாலு, அதில் எந்தத் தலைவன் என்ன செய்ய முடியும்?

1935-இல் வெளியான ஒரு கணக்குத் தொகுப்பில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகம் கட்ட 60 லட்சம் மார்க் (அந்நாளைய ஜெர்மன் பணம்) செலவாகிறது. ஒரு குடியிருப்புக்கு 15,000 மார்க் வீதம் அந்தப் பணத்தில் எத்தனை குடியிருப்புகள் கட்டியிருக்கலாம்?

இந்தக் கணக்கை நான் பலமுறை படித்தேன். நான் வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொடுக்கிற கணக்கு மாதிரியே இருந்தது. பன்னிரண்டு ஆட்கள் எட்டு நாளில் முடிக்கும் வேலை, இரண்டு குழாய் நிரப்பும் தொட்டி, கோட்டையில் இருக்கும் வீரர்களுக்கு எத்தனை நாளைக்குச் சாப்பாடு, அதே நடை, அதே நிதானம். திட்டு இல்லை, கோஷம் இல்லை. அடுத்த கணக்கு இன்னும் நயம். ஒரு மனநோயாளிக்கு நாளுக்கு 4 மார்க் செலவு, உடல் ஊனமுற்றவருக்கு ஐந்தரை, குற்றவாளிக்கு மூன்றரை. அரசு ஊழியர் பலருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பதே ஏறக்குறைய 4 மார்க்தான். இப்போது கணக்கிடு.

ஒரு வாரம் யோசித்துவிட்டு நான் செய்த காரியம் சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. ஒரு வியாழக்கிழமை, வந்திருந்த ஏழு பேருக்கும் சொல்லாமல் அந்தக் கணக்கைப் போர்டில் எழுதினேன். ரூபாயாக மாற்றிக்கொண்டேன். ‘ஒரு மனநலக் காப்பகம் கட்ட 60 கோடி ரூபாய் ஆகிறது. ஒரு வீடு கட்ட 15 லட்சம் ரூபாய் எனில், அந்தத் தொகையில் எத்தனை வீடுகள் கட்டலாம்?’ பேனாக்கள் ஓட ஆரம்பித்தன. முழங்கால் சிராய்ப்போடு வந்தாளே, அவள் மட்டும் தலையைத் தூக்கி, “கோடியை லட்சமா மாத்திக்கலாமா மிஸ்?” என்றாள். மாத்திக்கோ என்றேன். ஆறாயிரம் லட்சம், பதினைந்து லட்சத்தால் வகுத்தால் நானூறு. இரண்டு நிமிஷத்தில் ஏழு நோட்டும் என் மேஜைக்கு வந்துவிட்டன. ஹிட்லர் பையன்தான் முதல். ஏழு பேரும் 400 என்று எழுதியிருந்தார்கள், அலகு போடாமல் விட்டால் அரை மார்க் குறைப்பேன் என்று தெரியுமாதலால் ‘வீடுகள்’ என்று எழுதி அடிக்கோடும் இழுத்திருந்தார்கள். சிவப்பு மையில் ஏழு டிக் போட்டேன். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்தக் கணக்கு எங்கேயிருந்து வந்தது என்று சொன்னேன். 4 மார்க் கணக்கையும் சொன்னேன். அதற்கப்புறம் ஆறு வருஷத்துக்குள் என்ன நடந்தது என்பதையும் சொன்னேன்.

யாரும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். நான் எதிர்பார்த்த அமைதிதான். எதிர்பார்க்காதது ஒன்று இருந்தது. முழங்கால் சிராய்ப்புக்காரிக்கு ஒரு தம்பி. பன்னிரண்டு வயது, இன்னும் பேச்சு சரியாக வராது. தினமும் அம்மாவோடு அவளைக் கூட்டிப்போக வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து, யார் இறங்கினாலும் செருப்பை எடுத்துக் கொடுப்பான். என் செருப்பையும் எத்தனையோ நாள் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கும் கீழேதான் உட்கார்ந்திருந்தான். அந்தக் கணக்கைப் போர்டில் எழுதும்போது அவன் என் நினைவுக்கே வரவில்லை. ஒரு வாரம் யோசித்திருக்கிறேன், ரூபாய்க்கு மாற்றியிருக்கிறேன், மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று சரிபார்த்திருக்கிறேன், அவன் வரவே இல்லை. அவளும் 400 என்றுதான் எழுதியிருந்தாள், அடிக்கோட்டோடு. நான் சொல்லி முடித்ததும் அவள் தன் நோட்டைத் திருப்பி வாங்கி, மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது அந்தப் பையன் கேட்டான்: “ஆனா ஆன்சர் கரெக்ட்தானே மிஸ்?”

திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான். டிக் போட்டது நான்தானே. விடை சரிதான் என்று சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் விடை சரிதான். அறுபதை எந்த ஊரில் வகுத்தாலும் அதே விடைதான்.

கணக்கு டீச்சராக முதல் நாளிலிருந்து நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: வினாவைப் படி, ‘கொடுக்கப்பட்டவை’ என்று எழுதி அவற்றை வரிசையாகப் போடு, ‘காண வேண்டியது’ என்று எழுது, அப்புறம் தீர்வு. கொடுக்கப்பட்டவற்றோடு சண்டை போடக் கூடாது. ஒருவன் ஏன் அறுபது தர்பூசணி வாங்குகிறான் என்று கேட்கிற பிள்ளையை வகுப்பே கிண்டல் பண்ணும், நானும் சிரித்திருக்கிறேன். அந்த ஒழுங்கு இல்லாமல் கணக்கு சொல்லிக்கொடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளையிலிருந்து எல்லாவற்றையும் கேள்வி கேளுங்கள் என்றால் எனக்கு போர்ஷன் முடியாது. ஆனால் அந்த ஜெர்மன் கணக்கில் பாடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வகுத்தலில் இல்லை. ஒரு பக்கம் நோயாளி, மறுபக்கம் வீடு என்று ஒரே தராசில் தூக்கி வைத்ததில் இருக்கிறது. அது ‘கொடுக்கப்பட்டவை’யில் வந்துவிட்டதால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். மனநோயாளி நாட்டுக்குச் சுமை என்று ஒரு கட்சிக்காரன் வகுப்பில் வந்து பேசியிருந்தால் ஏதாவது ஒரு பையனுக்குத் தன் சித்தி ஞாபகம் வந்திருக்கும், உள்ளுக்குள் ஒரு முரண்டு கிளம்பியிருக்கும். இங்கே யாரும் எதையும் சொல்லவே இல்லை. அவனே வகுத்தான், அவனே 400 என்று கண்டுபிடித்தான், மார்க்கும் வாங்கினான். பிறர் சொன்னதை மறுக்கலாம், தானே போட்ட கணக்கை எப்படி மறுப்பது? சனிக்கிழமை மைதானத்திலும் இதேதான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. யார் நம்மவன், யார் அந்நியன் என்பதெல்லாம் சீருடை கைக்கு வரும்போதே கொடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு மிச்சமிருந்த வேலை ஓடுவதும் தாண்டுவதும் மட்டும்தான்.

ஹடமார்

1935-இல் பதின்மூன்று வயதில் அந்தக் கணக்கைப் போட்டவனுக்கு 1941-இல் பத்தொன்பது வயது. அதற்குள் கணக்கு புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. 1939-இல் ஹிட்லர் கையெழுத்திட்ட ஒரு காகிதத்தின் பேரில் மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் ஆறு இடங்களில் வைத்து விஷவாயுவால் கொன்றார்கள். 1941 ஆகஸ்ட் வரை எழுபதாயிரத்துக்கும் மேல். அந்த ஆறில் ஒன்று ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹார்ட்ஹைம் என்ற பழைய மாளிகை. போர் முடிந்ததும் 1945-இல் அங்கே ஒரு புள்ளிவிவர ஏடு கிடைத்தது. கொல்லப்பட்டவர்கள் 70,273 என்று அதில் இருக்கிறது. கொன்றதாக எழுதவில்லை, ‘கிருமிநீக்கம் செய்யப்பட்டவர்கள்’ என்று எழுதியிருக்கிறது. இத்தனை பேருக்கும் பத்து வருஷம் சோறு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, 88 கோடி மார்க்குக்கு மேல் மிச்சம் என்று விடை கண்டிருக்கிறார்கள். ரொட்டி எவ்வளவு, ஜாம் எவ்வளவு, உருளைக்கிழங்கு எவ்வளவு என்று பொருள்வாரியாகப் பிரித்து வேறு போட்டிருக்கிறார்கள். ஸ்டெப் எதையும் விடாத மாணவன் ஒருவன் போட்ட மாதிரி, சுத்தமாக.

இன்னோர் இடம் ஹடமார். லிம்பர்க் ஆயர் அங்கே நடப்பதைப் பற்றி 1941 ஆகஸ்டில் நீதித்துறை அமைச்சருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் பஸ் வரும்போது, “இதோ கொலைப்பெட்டி வருது” என்று ஊர்ப் பிள்ளைகள் சொல்வார்களாம். பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால், “உனக்கு மூளை சரியில்லை, ஹடமார் அடுப்புக்குத்தான் போவே” என்று திட்டிக்கொள்வார்களாம். ஆயர் இதை வேதனையோடு எழுதுகிறார். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. பெரியவர்கள் தெரியாது தெரியாது என்று பின்னாளில் சொன்னார்கள், பிள்ளைகளோ தெரிந்துகொண்டு அதை வசவாக்கி விளையாடியிருக்கிறார்கள். சட்டியும் பானையும் மாதிரி, புளியமரமும் பேயும் மாதிரி, அந்த ஊரில் அடுப்பு. அதே மாதம் 3-ஆம் தேதி மியூன்ஸ்டர் ஆயர் ஃபான் காலன் தேவாலயத்தில் நின்று இதைக் கொலை என்று பகிரங்கமாகப் பேசினார். 24-ஆம் தேதி வாயு நிறுத்தப்பட்டது. ஊசியாலும் பட்டினியாலும் ரகசியமாகத் தொடர்ந்தது வேறு கதை. ஆனாலும் அந்த ஒரு மனிதர் செய்தது, எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், ‘கொடுக்கப்பட்டவை’யில் கை வைத்ததுதான்.

இளைஞர் அமைப்பின் தலைவராக இருந்த ஷிராஹ் போருக்குப் பிறகு நியூரம்பர்க் நீதிமன்றத்தில் நின்றபோது, லட்சக்கணக்கில் கொன்ற ஒருவனுக்காக இளைஞர்களை வளர்த்துவிட்டது தன் குற்றம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்குக் கிடைத்த 20 வருஷ தண்டனை அதற்கில்லை. வியன்னாவில் கவர்னராக இருந்தபோது யூதர்களை நாடு கடத்தியதற்கு. சனிக்கிழமைகளுக்கும் கத்திகளுக்கும் எந்தச் சட்டத்தில் தண்டனை கொடுக்க முடியும்?

இதையெல்லாம் அந்த ஏழு பேரிடமும் முழுசாகச் சொன்னேனா என்றால், இல்லை. பரீட்சை வந்தது. முழங்கால் சிராய்ப்புக்காரி இரண்டு நாள் வரவில்லை, மூன்றாம் நாள் வந்தாள், எப்போதும்போல உட்கார்ந்தாள். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “பரவால்ல மிஸ்” என்று முடித்துவிட்டாள். அவள் தம்பி அப்போதும் கீழ்ப்படியில்தான், செருப்புகளைக் காவல் காத்துக்கொண்டு. அந்தப் பையன் ஹிட்லரைப் பற்றி அப்புறம் பேசவில்லை. மாறிவிட்டான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, என் முன்னால் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

கார்த்திகை மாதத்தில் விகிதக் கணக்குகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கமான கோட்டைக் கணக்கைப் போர்டில் எழுதினேன். இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிற கணக்கு, எனக்குப் புத்தகம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கோட்டையில் 150 வீரர்களுக்கு 45 நாட்களுக்குப் போதுமான உணவு இருக்கிறது. 10 நாட்களுக்குப் பிறகு 25 வீரர்கள் கோட்டையை விட்டுப் போய்விட்டால், மீதி உணவு எத்தனை நாட்களுக்கு வரும்? பேனாக்கள் ஓடின. அவன் மட்டும் எழுதாமல் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை தூக்கினான்.

“மிஸ், அந்த 25 பேர் எங்க போனாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கிண்டலுக்குக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியலைடா, கேள்வியில் கொடுக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அவனும் போட்டான். 42 நாட்கள்.